ஏழாம் எண் சேதம்

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நான் சத்தம் போடுவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய், பிறகு இரண்டு பேரும் அம்மாவிடம் போய் முறையிடுவோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. கிழிப்பதானால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

விஷயம் இதுதான். எங்கள் அருங்காட்சியகத்தில் ஏப்ரல் 21 அன்று ஒரு கண்காட்சி தொடங்குகிறது. வீட்டில் உழைத்துத் தேய்ந்த பொருள்களை வைத்து இன்றைய கலைஞர்கள் செய்த படைப்புகள். மொத்தம் பன்னிரண்டு பேர். பதின்மூன்றாவதாக உன் மேசைப்பலகை வேண்டும் என்று, கண்காட்சியை அமைக்கும் க்யூரேட்டர் உனக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். நீ ஒன்றுக்கும் பதில் போடவில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, "உங்க அக்காதானே, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். அவர் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நமக்குள் நடந்தது இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது.

எனக்காகக் கேட்கவில்லை. அம்மாவுக்காகக் கேட்கிறேன். தான் இருபத்தெட்டு வருடம் தையலுக்குத் துணி வெட்டிய மேசை, மூன்று வருடம் முன் உன் படைப்பாக இங்கே சுவரில் தொங்கியதை அவள் பார்க்கவே இல்லை. அப்போது முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தாள். இப்போது நடக்கிறாள். "மேசையைக் கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு, அதை என்னதான் பண்ணி வச்சிருக்கான்னு ஒரு தடவை கண்ணால பாத்துடறேன்" என்று வாரத்துக்கு ஒரு முறை சொல்கிறாள். பலகை உன் பட்டறையில் மரப்பெட்டிக்குள் கிடப்பதை நான் சொல்லவில்லை. ஏன் கிடக்கிறது என்று கேட்பாள்.

யோசித்துச் சொல்.

தம்பி


பிப்ரவரி 27

அருங்காட்சியகச் சுவர்களில் படைப்புகளை மாட்டும் மதிப்பிற்குரிய தலைமை நிறுவுநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முழுக்கப் படித்துவிட்டேன். கிழிக்கவில்லை. அதையே பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவும்.

"நமக்குள் நடந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏதோ மழை பெய்தது போல. நடந்தது என்ன என்று நான் எழுதுகிறேன், ஞாபகமறதிக்கு நல்லது. கண்காட்சித் திறப்புக்கு முந்தைய நாள் மதியம். நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். சுவரில் என் படைப்பு தொங்குகிறது. அதன் வலது மேல் மூலையில், இஸ்திரிப் பெட்டி அப்படியே முகம் பதித்த கறுப்புத் தழும்பு இருக்க வேண்டும். அந்த ஒரு தழும்புக்காகத்தான் நான் அந்தப் பலகையைப் படைப்பாக எடுத்தேன். அந்த இடத்தில் வெளிறிய ஒரு திட்டு. பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரல் வைத்தால் வழுக்குகிறது. கீழே தரையில் மரத்தூள். பக்கத்தில் என் தம்பி நின்றுகொண்டு, "கைப்பழக்கம்க்கா, ஓட்டையோ கறையோ கண்டா அடைச்சிடுவேன்" என்கிறான்.

ஒரு கண்காட்சி முடிந்ததும் சுவரில் இருக்கும் ஆணித் துளைகளையெல்லாம் அடைத்து வெள்ளை அடிப்பது உன் வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பலகையில் ஆயிரத்துக்கும் மேல் குண்டூசித் துளைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட உன் கைப்பழக்கம் தொடவில்லையே. அது ஏன்?

உண்மையை எழுதி அனுப்பு. பலகையை அனுப்புகிறேன்.

உன் அக்கா
(தங்கள் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது.)


மார்ச் 9

அக்கா,

பலகை நாற்பத்தெட்டு கிலோ. இந்த முறை அதற்குக் கிழக்குச் சுவரைக் கேட்டிருக்கிறேன், உள்ளே கனமான சட்டம் போட்ட சுவர். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்தால் குண்டூசித் துளைகள் ஒவ்வொன்றுக்கும் நிழல் கிடைக்கும். சென்ற முறை நேர் வெளிச்சம் போட்டோம், துளைகள் சரியாகத் தெரியவில்லை.

சரி, வளவளவென்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டதற்கு வருகிறேன்.

நீ எழுதிய அந்த மதியத்துக்கு முந்தின நாள் காலை, உன் சுவர்க் குறிப்பை நான்தான் ஒட்டினேன். ஒட்டும் எழுத்து தெரியுமல்லவா, ஒவ்வொரு வரியாக வைத்து, ரசமட்டம் பார்த்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். படைப்பின் பெயர் "தம்பி செய்தது". அதற்குக் கீழே: "என் தம்பி ஐந்து வயதில் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துச் சுட்ட தழும்பு இது. எங்கள் அம்மா அழுததை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்." ஒவ்வோர் எழுத்தையும் என் கட்டைவிரல் தேய்த்தது. முடித்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து நின்று படித்தபோது, வாசல் காவலாளி வந்து பக்கத்தில் நின்றார். அவரும் படித்தார். "சார், அந்தத் தம்பி நீங்கதானா?" என்றார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

நான் தலைமை நிறுவுநராகி அப்போது மூன்று வாரம். அன்று சாயங்காலத்துக்குள் என் கீழ் வேலை செய்யும் நாலு பேரும் அதைப் படித்துவிட்டார்கள். மறுநாள் நீ சாப்பிடப் போனதும் உப்புத்தாளை எடுத்தேன். கறுப்பின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் மங்க வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஓர் இடத்தைத் தேய்த்தால் பக்கத்து இடம் துருத்திக்கொண்டு தெரியும், மரவேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முடியும்போது தழும்பு இல்லை.

நான் சுட்டதை மறுக்கவில்லை. இஸ்திரிப் பெட்டிக் கைப்பிடியின் சூடுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த நாளிலிருந்து நீ எனக்குக் கரி என்று பெயர் வைத்தாய். பள்ளிக்கூடம் வரை அந்தப் பெயர் வந்தது. கல்லூரிக்குப் போய்த்தான் வெளியிலாவது அதைத் தொலைத்தேன். முப்பத்திரண்டு வயதில் அதையே ஓர் அருங்காட்சியகச் சுவரில் என் கையாலேயே ஒட்ட வைத்தாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

பலகையைத் தேய்த்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எழுத்தைத்தான் உரித்திருக்க வேண்டும்.

தம்பி


மார்ச் 22

தம்பி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. கடைசித் தடவை எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் இன்னும் மோசம். உன் கதையை என் கதை என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், முறைக்காதே. நடந்தது நடந்ததுதான். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் நிற்கிறேன், உள்ளே ஒரு கல்யாண உடையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா அழுகிறாள். அதை வெட்டிவிட்டு அந்தப் படைப்பு இல்லை. கரி என்ற பெயரை எந்தச் சுவரிலும் எழுத மாட்டேன், இனிமேல் கூப்பிடவும் மாட்டேன். படைப்பின் பெயரையும் மாற்றுகிறேன். கதையை மட்டும் மாற்ற மாட்டேன்.

மரப்பெட்டி வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. உள்ளே ஓர் உறையில் பழைய சுவர்க் குறிப்பின் அச்சுப்பிரதி இருக்கிறது, புதிதை எழுதி அனுப்பும்வரை அது இருக்கட்டும். நிலை அறிக்கையை நான் நிரப்பவில்லை. அனுப்பும் முன் பெட்டியைத் திறந்து எந்தக் கீறல் எங்கே என்று குறிக்க வேண்டும், தெரியும். மூன்று வருடமாக அந்தப் பெட்டியைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. நீயே திறந்து நிரப்பு. ஒன்று விடாமல் நிரப்பு.

திறப்புக்கு வருவேனா என்று கேட்காதே. இன்னும் தெரியாது.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று பெட்டியைத் திறந்தோம். பலகையை எடுத்து, பஞ்சு விரித்த இரண்டு தாங்கிகள் மேல் படுக்க வைத்தோம். நிலை அறிக்கையை நிரப்ப ஆரம்பித்தேன். ஒன்று, இடது ஓரம் சிறு பிளவு. இரண்டு, கத்தரிக்கோல் வெட்டு, பழையது. இப்படி ஆறு வரை போனேன். ஏழாவதாக எழுதினேன்: "சேதம். வலது மேல் மூலை, ஒரு சாண் அகலத்துக்கு மேற்பரப்பு தேய்க்கப்பட்டுப் பட்டி வைக்கப்பட்டுள்ளது. செய்தவர், கீழே கையெழுத்திட்டிருப்பவர்." பதினோரு வருட வேலையில் இப்படி ஒரு வரி நான் எழுதியதில்லை. எழுதி முடித்ததும் மனசு லேசானது.

திறப்பு நாள் கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியாது என்று அவளை நேற்றே அழைத்து வந்திருந்தேன். பலகை படுத்திருந்ததால் அது அவள் கண்ணுக்குப் பழையபடி மேசையாகவே தெரிந்தது. நேராகத் தன் பக்கத்துக்குப் போய் நின்றாள். கையுறை கொடுத்தேன். "என் மேசையத் தொட எனக்கே கையுறையா?" என்று முறைத்துவிட்டுத்தான் போட்டுக்கொண்டாள். கழுத்து வெட்டுகிற இடம், கை வெட்டுகிற இடம் என்று என் ஆட்களுக்குத் துளைகளைக் காட்டிக்கொண்டே போனவள், வலது மூலையில் நின்றுவிட்டாள்.

"சூடு எங்கடா?"

தேய்த்துவிட்டேன் என்றேன். ஏன் என்றாள். உறையிலிருந்த சுவர்க் குறிப்பை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு மரப்பெட்டியின் மூடிமேல் உட்கார்ந்தாள்.

"இது நீ சுட்டது இல்லடா. நான் சுட்டது."

அப்படியே சொல்கிறேன், கூட்டிச் சொல்லவில்லை. அந்தக் கல்யாண உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள், பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் என்று வாரப் பத்திரிகையை எடுத்திருக்கிறாள். தொடர்கதையில் கதாநாயகி வீட்டைவிட்டுப் போவாளா மாட்டாளா என்று அந்த வாரம்தான் தெரியவேண்டியிருந்ததாம். வாசனை வந்துதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். துணியைத் துளைத்து மேசை வரை கருகிவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண்ணின் அம்மா உடையை வாங்க வாசலில் நிற்கிறார். கதை படித்தேன் என்று சொன்னால் அந்தத் தெருவில் இனி ஒருத்தி துணி கொடுப்பாளா? பக்கத்தில் நான் நின்றிருக்கிறேன். "பையன் கை வச்சுட்டான்" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, சின்னப் பிள்ளைதானே என்று போய்விட்டாராம். இரண்டே நாளில் அம்மா புதிதாக வேறொன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள். கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

"அவங்க போனதும் உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள உங்க அக்கா அதை வாசல்லயே கேட்டுட்டு உன்னைக் கரின்னு கூப்பிட்டுட்டா. நீயும் திரும்பிப் பாத்துட்ட. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நாள் போயிடுச்சு."

நீ வாசலில் பார்த்த அழுகை உண்மைதான் அக்கா. காரணம்தான் வேறு.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தக் கைப்பிடியின் சூடு ஞாபகம் இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே. அது இன்னமும் இருக்கிறது. நான் தொடவே தொடாத ஒன்றின் சூடு. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சுவர்க் குறிப்பு பதினேழாம் தேதி அச்சுக்குப் போக வேண்டும். என்ன எழுதுவது?

தம்பி


ஏப்ரல் 11

தம்பி,

ஒன்றும் எழுத வேண்டாம். பலகையைத் திருப்பி அனுப்பிவிடு.

கோபத்தில் சொல்லவில்லை. நேற்று முழுக்க யோசித்தேன். அந்தப் படைப்பைப் பற்றி நான் எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன், எத்தனை பேட்டி கொடுத்திருக்கிறேன். குழந்தையின் ஒரு நொடி விளையாட்டு தாயின் உழைப்பில் விழுந்த தழும்பு என்று கண்ணில் தண்ணீர் வர வர விளக்கியிருக்கிறேன். எல்லாம் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதை. இனி எந்த முகத்தோடு அதை மாட்டுவது?

அம்மாவுடன் போனில் பேச முயன்றேன். "சாப்டியா" என்றாள். வைத்துவிட்டேன்.

முப்பது வருடம் உன்னை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் நான். அவள் ஒரு நாள் சொன்ன பொய்யைத் தினமும் சொன்னது நான்தான். அம்மாவைவிட என்மேல்தான் எனக்குக் கோபம். உனக்கு மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன், மிகவும் சின்னதாக இருந்தது, அடித்துவிட்டேன்.

க்யூரேட்டரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

திருப்பி அனுப்ப மாட்டேன். ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாய், ஆகஸ்ட் வரை அது என் பொறுப்பு. இது தலைமை நிறுவுநர் சொல்வது.

இனி தம்பி சொல்வது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ திட்டுவாய், திட்டு. அவள் அழுவாள் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. "பொய்யாப் போச்சாமா? அந்தத் துளை ஒவ்வொண்ணும் நான் போட்டது. அதுல எது பொய்? அவ பேரு மட்டும் எழுதித் தொங்க விட்டப்ப நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உனக்கும் படட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் மூன்று வருடம் ஒரு சாண் இடத்துக்குச் சண்டை போட்டோம். மீதிப் பலகை முழுக்க அவளுடைய வேலை. அதை நீயும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

"நான் சுட்டேன்னே எழுதச் சொல்லு. அந்தக் கல்யாணப் பொண்ணோட பிள்ளைகளுக்கே இப்ப கல்யாணம் ஆகியிருக்கும். இனிமே யாரு வந்து என்னைக் கேக்கப் போறா?" என்றும் சொன்னாள்.

அக்கா, எனக்கு மன்னிப்பு வேண்டாம். பெரியதாகவும் வேண்டாம், சின்னதாகவும் வேண்டாம். பலகையை மாட்ட இரண்டு பேர் வேண்டும். இடது பக்கத்தை ஒருவர் தூக்கினால் வலது பக்கத்தை இன்னொருவர் பிடிக்க வேண்டும். என் ஆட்களை மற்ற பன்னிரண்டு படைப்புகளுக்கு அனுப்பிவிட்டேன். கிழக்குச் சுவரில் கொக்கி அடித்தாகிவிட்டது, விளக்கு பக்கவாட்டில் திருப்பியாகிவிட்டது, பலகை இன்னும் தாங்கிமேல்தான் படுத்திருக்கிறது. பக்கத்துச் சுவரில் குறிப்புக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், அச்சுக்கு இருபதாம் தேதி மாலை வரை தவணையும் வாங்கிவிட்டேன். வேலையை முடிக்காமல் திறப்பு நாள் வரை விட்டுவைப்பது என் வழக்கமில்லை, உனக்குத் தெரியும்.

இருபதாம் தேதி காலை ரயில் ஒன்று இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 25

அன்புள்ள தம்பி,

ரயிலிலிருந்து எழுதுகிறேன். எழுத்து ஆடினால் தண்டவாளத்தைத் திட்டு.

தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. நாற்பத்தெட்டு கிலோ என்று நீ எழுதியபோது அது வெறும் எண்ணாக இருந்தது. "இன்னும் ஒரு நூல் மேல, ஒரு நூல் மேல" என்று நீ ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது, சின்ன வயதில் உன்னை ஒரு வேலை செய்ய விடாமல் நான் விரட்டியதெல்லாம் ஞாபகம் வந்தது. நன்றாகப் பழிவாங்கினாய்.

குறிப்பை நாம் மூவரும் அந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்து எழுதியதைத்தான் நினைத்துக்கொண்டே வருகிறேன். நான் பத்து வரி எழுதினேன். அம்மா பத்தையும் வெட்டினாள். "துணி மிச்சம் பிடிக்கிற மாதிரி எழுதுடி" என்றாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: "துளைகள் அம்மா போட்டவை. சூடும் அம்மா வைத்ததே. பழி தம்பிக்குப் போனது. தழும்பைத் தேய்த்தவன் அவன். இது எதுவும் தெரியாமல் சுவரில் மாட்டியவள் மகள்." நான் இதுவரை எழுதியவற்றில் இதுதான் நல்ல குறிப்பு. அதில் என் சொல் இரண்டுகூட இருக்காது.

கலைஞர்கள் என்று அம்மா பெயரையும் என் பெயரையும் போட்டதற்கு க்யூரேட்டர் முகம் சுளிப்பார் என்று பயந்தேன். அவர் அம்மாவிடம் போய் அந்தத் தொடர்கதை எப்படி முடிந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். கதாநாயகி போகவில்லையாம். அதற்குப் போய் ஒரு கல்யாண உடை.

அம்மாவை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. ஆனால் நேற்று அவள் எனக்குத் தலை வாரிவிட்டாள், நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம் மறுபடி வருகிறேன். இந்த முறை கண்காட்சிக்காக இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 30

அக்கா,

கண்காட்சி நேற்றோடு முடிந்தது. பலகையை இறக்கிவிட்டோம். ஆணித் துளைகளை அடைத்துச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். எனக்கு என்னவோ இந்த முறை கை ஓடவில்லை, என் ஆட்களையே செய்யச் சொல்லிவிட்டேன்.

ஒரு புது விஷயம். காவலாளி இப்போது அம்மாவைத்தான் கரியம்மா என்கிறார். திறப்பு நாளில் யாரோ அவரிடம் விசாரித்தபோது, "அந்தப் பேரு எனக்கு வர வேண்டியது, பையனுக்குப் போயிடுச்சு" என்று அவளே சொன்னாளாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள். போகட்டும், உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

இன்று நிலை அறிக்கையைச் சரிபார்த்தோம். வந்தபோது இருந்த நிலையும் போகும் நிலையும் ஒன்றுதானா என்று பார்த்து, படைப்பாளி கையெழுத்திட வேண்டும். படைப்பாளிகளில் ஒருவர் இங்கேயே இருப்பதால் அம்மாவை அழைத்து வந்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிளவுக்குத் தலையாட்டினாள். கத்தரிக்கோல் வெட்டுக்குச் சிரித்தாள். ஏழாவதை வாசித்ததும் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். நிலை அறிக்கையில் அடித்து எழுதக்கூடாது அம்மா என்றேன். கேட்டால்தானே. சேதம் என்ற சொல்லை ஒரே கோடாக அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதினாள்: "என் மகன் ஒட்டுப் போட்ட இடம்."

விதிப்படி, திருத்தம் செய்தால் சம்பந்தப்பட்ட எல்லாரும் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அம்மா போட்டுவிட்டாள். நானும் போட்டுவிட்டேன். உனக்கு இடம் விட்டிருக்கிறேன், போட்டு அனுப்பு.

தம்பி